திரை இன்னும் வரவில்லை

— சிரிக்காதேயும் உபதேசியாரே. மனுசன் இடுப்பு ஒடிஞ்சு கிடக்கேன்.

— சிரிக்கலை, சம்மாட்டி. இருமல்.

— இருமல் பல்லைக் காட்டிக்கிட்டா வரும்?

— எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தீங்க?

— முழங்கால் உயரம்.

— முழங்கால் உயரத்துக்கா இடுப்பு ஒடிஞ்சுது?

— கனம் இருக்குல்ல. உம்மை மாதிரிக் கருவாடா நானு? ரெண்டு பனையிலயும் கயித்தைக் கட்டி, நீரு சொன்ன மாதிரியே கையை விரிச்சுக்கிட்டுத்தான் ஏறினேன். நாலடி போகலை. கீழ நின்ன பயலுக கை தட்டுறானுக.

— விழுந்ததுக்கா?

— பின்னே? ஏறினதுக்கு எவன் தட்டினான்?

— நீங்க வேஷம் கட்டுற புனிதர் தொன் போஸ்கோ கயித்துல நடந்தது நெசம், சம்மாட்டி. நான் கட்டினது இல்லை. சின்ன வயசுல கயித்துல நடந்து காட்டி, கரணம் போட்டுக் காட்டி, வேடிக்கை பாக்க வந்த சனத்தை உக்கார வச்சுச் செபம் சொல்ல வச்சாரு.

— அவருக்கு அப்ப பத்து வயசு. எனக்கு ஐம்பது தாண்டிருச்சு. நாடகம் எழுதுறப்ப அதை யாரும் யோசிக்கலை.

— அந்தக் காட்சியையே எடுத்துரலாம்னு சொன்னேன். அதுக்கும் மாட்டேன்னீங்க.

— ஏன் எடுக்கணும்? எனக்கு இருக்கிறதே அந்த ஒரு வித்தைதான். மத்தக் காட்சியில எல்லாம் சிலேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— பாம்பன் வரைக்கும் பேச்சாயிருச்சு. மதுரைக்குக் கருவாடு ஏத்துற ஹமீது மரைக்காயர் என்னைக் கேக்குறாரு, 'தங்கச்சிமடத்துல கரைவலை வச்சிருக்கிற தொம்மை சம்மாட்டி கழைக்கூத்தாட ஆரம்பிச்சுட்டாராமே'ன்னு.

— தோத்திரம்!

— சம்மாட்டி...

— தோத்திரம்னுதானே சொன்னேன்? ஆண்டவருக்குத் தோத்திரம். அதுல என்ன குத்தம்?

— நீங்க சொல்ற சத்தத்துல கூரையில இருந்த காக்கா பறந்து போகுது.

— வையக் கூடாதுன்னது யாரு? நீரு. மாதா படம் வச்ச உத்தரியத் துணியை என் கழுத்துல போட்டுட்டு என்ன சொன்னீரு? புனிதர் வேஷம் எடுத்தவன் நாடகம் முடிஞ்சு இதைக் கழட்டுற வரைக்கும் கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சாராயம் குடிக்கக் கூடாது, கை ஓங்கக் கூடாது.

— சாராயம் கூடாதுன்னு சர்க்காரும்தான் சொல்லுது.

— சர்க்கார் சொன்னா யாரு கேட்டா? இது கோயில்ல வாங்கின நேமம். மீறினா கடல்ல மீன் பாடு விழாது. அதனால வாயில வாரதை எல்லாம் முழுங்கிட்டுத் தோத்திரம்ங்கிறேன்.

— நேத்துக் கரையில நீங்க விடாம தோத்திரம் சொன்னதுல ஒருத்தன் தண்ணியில குதிச்சுட்டானாமே?

— அவன் வலையில மீன் சேருற மடியைத் தலைகீழாக் கட்டினான்யா!

— அதுக்குத் தோத்திரமா?

— அதுக்கு வேற ஒண்ணு வச்சிருக்கேன். உத்தரியம் எறங்கட்டும், சொல்றேன்... அது கிடக்கட்டும். எப்பய்யா நாடகம்?

— அதைப் பேசத்தான் வந்தேன்.

— பேசும். போன வருசம் சனவரியில, தொன் போஸ்கோ திருநாள் அன்னைக்குன்னீரு. என்ன ஆச்சு?

— மதுரையில இருந்து படம் எழுதின திரை வரலை.

— பாஸ்காத் திருநாளுக்கு?

— புனிதரோட தாயார் மார்கரீத்தா வேஷம் போட இருந்தவன் கொழும்புக்குத் தோணி ஏறிட்டான்.

— ஆடியில, சந்தியாகப்பர் திருவிழாவுக்கு?

— அப்பவும் திரை...

— வரலை. மதுரையில திரை எழுதுறவன் நூலு நூத்து, துணி நெய்து, அப்புறம்தான் எழுதுவான் போல. சரி, ஆவணியில மாதா திருநாளுக்கு?

— மழை.

— ஆவணியில! இந்தத் தீவுல! எவன் தலையில பெஞ்சது?

— தூறல்... அன்னைக்கு நீங்களும் 'ஆமா, மழைதான்'னு சொன்னீங்களே.

— மரியாதைக்குச் சொன்னேன். நீரு நனைஞ்ச கோழி மாதிரி நின்னீரு. கிறிஸ்மஸுக்கு?

— நாய்.

— நாய்! தொன் போஸ்கோவைக் கொல்ல வந்தவனுகளை விரட்டுறதுக்கு எங்க இருந்தோ ஒரு சாம்பல் நாய் வருமாம். அதுக்கு நம்ம தெரு நாயைப் பிடிச்சுட்டு வந்தீரு. அது என்ன பண்ணுச்சு?

— உங்களைக் கடிச்சுது.

— கொலைகாரனைக் கடிக்க வேண்டியது புனிதரைக் கடிச்சுது.

— நீங்க கல் எறிஞ்ச நாய், சம்மாட்டி. நீங்க திருந்தினதை அதுகிட்ட யாரும் சொல்லலை.

— நான் எங்கய்யா திருந்தினேன்? நான் நடிக்கிறேன்.

— அதுவும் சரிதான்.

— அன்னைக்கே வேற வேஷம் கேட்டிருக்கணும். சூதாடி வேஷம் எனக்கு நல்லா பொருந்தியிருக்கும்.

— பொருந்தும்னுதான் நான் அதைச் சொன்னேன். 'பந்தலுக்கு மரம் என்னுது, மேலே போடுற தோணிப் பாய் என்னுது, மூல வேஷம் மட்டும் எவனுக்கோவா'ன்னு குதிச்சது நீங்க.

— புனிதர்னா வாள் இருக்கும்னு நினைச்சேன்.

— ...

— சிரிக்காதேயும்! சந்தியாகப்பருக்கு வாள் இருக்கு, குதிரை இருக்கு. வானதூதர் மிக்கேல் சம்மனசுக்கு வாளும் இருக்கு, கால்ல மிதிக்க ஒரு பேயும் இருக்கு. எங்க அய்யா சந்தியாகப்பர் வேஷம் கட்டி வந்தப்ப பொம்பளைக அழுதாங்க. அந்த நினைப்புல உம்மகிட்ட வந்து வாளைக் கேட்டா, கையில என்னத்தைக் குடுத்தீரு?

— சிலேட்டு.

— சிலேட்டு! போகட்டும், கடைசியில தலையையாவது வெட்டுவாங்களான்னு கேட்டேன்.

— வயசாகி, நோயில விழுந்து, கட்டில்ல செத்தாருன்னு சொன்னேன்.

— அதைச் சொல்றப்ப உமக்கு என்ன சந்தோசம்!

— ஏழைப் பயலுகளுக்குப் பள்ளிக்கூடமும் தொழிற்கூடமும் வச்ச மனுசன், சம்மாட்டி. அவரு தலையை யாரு வெட்டுவா?

— எங்க ஊரா இருந்தா நானே வெட்டியிருப்பேன்... என் வலைக்கு ஆள் இல்லாம பண்ணினதுக்கு.

— வலைப் பேச்சுக்கு அப்புறம் வருவோம். உங்களுக்கு நல்லா வந்த காட்சியும் ஒண்ணு இருக்கு.

— எது?

— ஒன்பது வயசுக் கனவு. பயலுக கெட்ட வார்த்தை பேசிக்கிட்டு விளையாடுறானுக. கேக்கப் பொறுக்காம தொன் போஸ்கோ நடுவுல பாஞ்சு அவனுகளைக் குத்துறாரு. அந்த இடத்துல நீங்க நடிக்கவே இல்லை.

— ஆமா. அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும்.

— உடனே ஒரு பெரியவர் வந்து, 'அடிச்சு இல்லை, அன்பா இருந்துதான் இவங்களைச் சம்பாதிக்கணும்'னு சொல்லணும். அந்த வேஷக்காரன் உள்ள வர பயந்துக்கிட்டுத் தட்டிக்குப் பின்னால நின்னே சொல்றான்.

— அவனுக்குத் தொண்டை சின்னது. நீரு என்ன வாழ்ந்தீரு? தூரின் பட்டணத்துக் கோயில்ல, குளிருக்கு ஒதுங்கின அநாதைப் பயலைக் பூசைக்கு விளக்கேத்துற கோயில்பிள்ளை கம்பால அடிக்கிறான். அந்த வேஷம் யாரு? நீரு. 'அடிக்காதே, அவன் என் சிநேகிதன், கூப்பிடு'ன்னு சொல்றது யாரு? நான். ஒத்திகைக்கு ஒத்திகை உபதேசியார் அடிக்க, தொம்மை சம்மாட்டி தடுக்க... ஊரே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது.

— மொத ஒத்திகையில நீங்க எங்க தடுத்தீங்க? கம்பை என் கையில இருந்து பிடுங்கி, 'இப்படி அடிச்சா வலிக்காது, நுனியைப் பிடிக்கணும்'னு சொல்லிக் குடுத்தீங்க.

— நீரு ஈ ஓட்டுற மாதிரி அடிச்சீரு. தொழில்னா சுத்தமா இருக்கணும்.

— அந்தப் பயகிட்ட அதுக்கப்புறம் கேக்க வேண்டியதாவது ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லை? வாசிக்கத் தெரியுமா? தெரியாது. எழுதத் தெரியுமா? தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. விசில் அடிக்கத் தெரியுமா?... பய சிரிக்கணும். அந்தச் சிரிப்புல இருந்துதான் அவரு பள்ளிக்கூடமே ஆரம்பம்.

— ஆனா நம்ம பய சிரிக்க மாட்டான். நீங்க கிட்டப் போனாலே கண்ணை இறுக்கி மூடிக்கிடுவான்.

— இப்ப மூடுறது இல்லை.

— ...இல்லை. இப்ப மூடுறது இல்லை.

— போன ஒத்திகையில நெசமாவே விசில் அடிச்சான். காது கிழிஞ்சிருச்சு. தோத்திரம்... அதை விடும். வலைக்கு வாரும்.

— வாரேன்.

— கரைவலை இழுக்க எத்தனை கை வேணும்னு உமக்குத் தெரியும். ரெண்டு கயித்துலயும் பயலுக நிக்கணும். பக்கத்துல முஹைதீன் சம்மாட்டி வலையில காரல் மீனும் சூடையும் அள்ளிக் குவிக்கிறானுக. என் வலையில நானும் நாலு கிழடுகளும் இழுக்கிறோம். என் பயலுக எங்க?

— பள்ளிக்கூடத்துல.

— யாரைக் கேட்டுப் போனானுக?

— உங்களைக் கேட்டுத்தான்.

— என்னையா?

— கோயில் வளாகத்துல முழு ஒத்திகை பாத்தோமே, அன்னைக்கு நீங்க கையை விரிச்சு என்ன சொன்னீங்க? 'தாய்மாரே, உங்கள் பிள்ளைகளை என்னிடம் விடுங்கள், நான் அவர்களுக்கு எழுத்தறிவிப்பேன்.'

— அது வசனம்யா!

— அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உத்தரியம் போட்டவர் வாயில வந்தா அது புனிதர் வாக்குன்னு நினைச்சுட்டாங்க. மறுநாள் காலையில பள்ளிக்கூட வாசல்ல நிக்கிறாங்க. 'தொம்மை சம்மாட்டி விடச் சொன்னாரு'ங்கிறாங்க.

— நீரு மறுத்துச் சொல்ல வேண்டியதுதானே?

— எப்படி மறுப்பேன்? நீங்க அப்படிச் சொன்னது நெசந்தானே.

— அப்பவே நான் ஒரு சத்தம் போட்டிருந்தா அத்தனை பயலும் கரைக்கு ஓடி வந்திருப்பான். என்ன சத்தம் போட? தோத்திரம்னு சொல்லி எவனைப் பிடிச்சு இழுத்துட்டு வாரது?

— அங்க மத்தியானம் சோறும் போடுறாங்க, சம்மாட்டி.

— போடட்டும். நல்லாத் தின்னு பலமா வரட்டும். உத்தரியம் எறங்கின மறுநாள் கயிறு இழுக்க ஆகும்.

— திருக்கை வால் எங்க இருக்கு?

— எது?

— முள்ளுத் திருக்கை வால். காய வச்சு, எண்ணெய் போட்டு, பயலுகளை அடிக்க வச்சிருந்தீங்களே.

— அது... கூரையில செருகி இருக்கு. அங்கனயேதான் இருக்கு. ஏன்?

— சும்மா கேட்டேன்.

— நீரு எதையும் சும்மா கேக்குற ஆள் இல்லை.

— சரி, சொல்றேன். நாடகம் முடிஞ்ச மறுநாள் அது எறங்கும். வகுப்புல உக்காந்திருக்கிற பயலுக அத்தனை பேரும் கயித்துல நிப்பானுக. கூட்டல் கழித்தல் பழகின கையி. அதைத்தான் கேட்டேன்.

— நல்லா பேசுறீரு. நாடகத்துல உமக்கு இவ்வளவு வசனம் இல்லை.

— கோயில்பிள்ளைக்கு யாரு வசனம் குடுப்பா?

— உபதேசியாரே, தொன் போஸ்கோ ஒரு தடவை சிறையில இருந்த பயலுகளைக் காவல் இல்லாம வெளிய கூட்டிட்டுப் போனாருன்னு ஒரு காட்சி வச்சிருக்கீரு. சாயங்காலம் ஒருத்தன் குறையாம சிறைக்கே திரும்பினானாம். நம்புறீரா நீரு?

— அப்படித்தான் சொல்றாங்க. நான் நம்புறேன்.

— நான் இருபது பேரைக் கரைக்குக் கூட்டிட்டுப் போனா பதினெட்டுத்தான் திரும்பும். மத்த ரெண்டும் ரயிலைப் பிடிச்சுப் பாலம் தாண்டிரும்.

— அதுல ஒண்ணு உங்க மகன்... மன்னிச்சுக்கிடுங்க, சம்மாட்டி. வாயில வந்துருச்சு.

— வரட்டும். மிக்கேல் போறப்ப என்ன சொல்லிட்டுப் போனான், தெரியுமா? முதுகுல ரத்தம். சட்டையைக் கூடப் போடலை. 'இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்'னான்.

— தூத்துக்குடியில உப்பளத்துல இருந்தானாமே.

— உப்பளத்துலயோ துறைமுகத்துலயோ. ரெண்டு வருசம். பாஸ்காவுக்கு முன்னால திடீர்னு வந்து நிக்கிறான். 'எங்க அய்யா கையில சிலேட்டாமே, பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்'ங்கிறான். உம்மகிட்டதான் சொன்னான். என்கிட்ட இல்லை.

— ஆள் இல்லையேன்னு தாயார் வேஷத்தை அவனுக்குக் குடுத்தேன். நாடகம் முடியுற வரைக்கும் வீட்டுலயே இருக்கேன்னான்.

— முடிஞ்சதும் போயிருவேன்னும் சொன்னான். அதை ஏன் முழுங்குறீரு? அவன் அம்மா சீலையைப் பெட்டியில இருந்து எடுத்துக் கட்டிக்கிட்டு, மீசையோட வந்து நிக்கிறான். நான் குருப்பட்டத்துக்குப் படிக்கப் போறேன்னு அவன் கால்ல விழணும்.

— அவன் கால்ல இல்லை. தாயார் மார்கரீத்தா கால்ல.

— நெத்தி படுறது அவன் கால்லதான்யா. அவன் என்ன சொல்லணும்? 'மகனே, நீ பணம் சேர்க்கும் குருவானால் உன் வாசலை நான் மிதிக்க மாட்டேன்.' இந்த வசனத்தை எழுதினது நீரா?

— நான் எழுதலை, சம்மாட்டி. அந்தத் தாய் அப்படித்தான் சொன்னதாச் சரித்திரத்துல இருக்கு. நான் தமிழ்ல போட்டேன்.

— நல்லாப் போட்டீரு. அந்த வசனத்தை மட்டும் அவன் ஏடு பாக்காம சொல்றான்.

— சொல்லிட்டு உங்க தலையில கையை வைக்கணும்.

— வைக்கிறான்.

— மொதல்ல படாம வச்சான். நான் பாத்தேன்.

— நீரு அதையெல்லாம் ஏன் பாக்குறீரு? கம்பைப் பிடிச்சுக்கிட்டு உம்ம இடத்துல நில்லும்.

— இப்ப எப்படி வைக்கிறான்?

— வந்த விசயத்தைச் சொல்லும், உபதேசியாரே. சாயங்காலமாகுது.

— சொல்றேன். பங்குச் சாமியார் முடிவாச் சொல்லிட்டாரு. வர முப்பத்தொண்ணாம் தேதி நாடகம்.

— முப்பத்தொண்ணா? திரை வந்துருச்சா?

— வரலை. திரை வேண்டாம்னுட்டாரு. உங்க பெரிய பாயை விரிச்சுக் கட்டிட்டு அதுக்கு முன்னால நடிங்கன்னுட்டாரு.

— என் பாயையா? யாரைக் கேட்டு?

— நாடகத்துக்குத் தாரேன்னு நீங்களே சொன்ன பாய்.

— கூரைக்குத் தாரேன்னேன். அது கிழிஞ்சு கிடக்கு.

— போன மாசம்தானே தைச்சீங்க?

— திரும்பக் கிழியும். தூரின் பட்டணம்னு சொல்லிட்டு ஒட்டுப் போட்ட பாயைக் கட்டினா பாம்பன்காரன் என்ன சொல்லுவான்?

— ஒண்ணும் சொல்ல மாட்டான். நீங்க கயித்துல நடக்கிறதைப் பாத்துக்கிட்டு இருப்பான்.

— எப்படி நடப்பேன்? இடுப்பு ஒடிஞ்சு கிடக்கேன்னு சொல்றேன்ல?

— அந்தக் காட்சியை எடுத்துருவோம்.

— எடுத்தா நான் நடிக்க மாட்டேன். நாய்க்கு என்ன பண்ணப் போறீரு? அது திரும்பக் கடிச்சா?

— நாய் இல்லாம போட்டுக்கிடலாம்.

— நாய் இல்லாம புனிதரை யாரு காப்பாத்துவா? ஒரு முறை வேண்டாமா? அதோட... அன்னைக்கு மழை வரும்.

— சனவரியிலயா?

— வாடைக் காத்து திரும்புது. பாக்கலையா நீரு? மேகம் இருக்கு.

— சம்மாட்டி.

— என்ன?

— ஒரு வருசமா 'எப்பய்யா நாடகம்'னு என்னை அரிச்சீங்க.

— கேட்டா உடனே போட்டுருவீரா?

— நாய், மழை, திரை... இப்ப நீங்க சொல்றது எல்லாம் என் சாக்கு. நான் உங்ககிட்டச் சொன்ன சாக்கு.

— நீரு சொன்னா சாக்கு. நான் சொன்னா காரணம்.

— நெசத்தைச் சொல்லிடுறேன். கோவிச்சுக்கிடுங்க, பரவாயில்லை. நான் திரைக்குச் சொல்லிவிடவே இல்லை. மதுரைப் பக்கம் போகவே இல்லை. திரை வந்தா நாடகம், நாடகம் முடிஞ்சா உத்தரியம் எறங்கும், உத்தரியம் எறங்கினா திருக்கை வாலும் எறங்கும். அந்தப் பயலுக ஒரு வருசமாவது உக்காந்து படிக்கட்டும்னு பொய் சொன்னேன். சாமியாருக்கும் தெரியாது.

— எனக்குத் தெரியும்.

— என்னது?

— ஆடித் திருவிழா முடிஞ்ச கையோட மதுரைக்குப் போனேன். திரை எழுதுறவனைத் தேடிப் பிடிச்சு, 'ஏலே, எங்க திரை எங்க'ன்னு கேட்டேன். 'தங்கச்சிமடமா? அங்க இருந்து யாருமே வரலையே'ன்னான்.

— தோத்திரம்...

— அதை நானும் சொன்னேன். தெருவே திரும்பிப் பாத்துச்சு.

— ஏன் வந்து என்னைக் கேக்கலை?

— கேட்டு என்ன? கைய ஓங்க முடியுமா, வைய முடியுமா? அதனால நானே ஒரு திரை எழுதச் சொன்னேன். கொண்டு வந்து உம்ம மூஞ்சிக்கு முன்னால விரிக்கணும்னு.

— அப்ப... திரை வருதா?

— வந்து எத்தனையோ நாளாச்சு. ஆவணியிலயே ஹமீது மரைக்காயர் மதுரையில இருந்து ஏத்திட்டு வந்து என் வலை வைக்கிற வாடியில எறக்கினாரு.

— ஆவணியிலயா? மழைன்னு நான் சொன்னப்பவா?

— ஆமா, மழைதான்னு நானும் சொன்னேன்ல.

— மரியாதைக்குன்னீங்க!

— பின்னே? உமக்கு முன்னால விரிக்கணும்னுதான் இருந்தேன். வாடியில பிரிச்சுப் பாத்தேன். கல்லுத் தெரு, மாடி வீடு, பின்னால வெள்ளை மலை... நல்லாத்தான் எழுதியிருக்கான். அன்னைக்கு ஒத்திகையில மிக்கேல் என் தலையில கையை வச்சான். வசனம் முடிஞ்சும் எடுக்கலை. வாடிக்குப் போனேன், திரையைச் சுருட்டினேன், வலைக்கு அடியில போட்டேன்.

— சம்மாட்டி...

— மூஞ்சியை அப்படி வைக்காதேயும். இதைக் கழட்டின மறுநாள் இந்தக் கை சும்மா இருக்குமான்னு பயம் உமக்கு மட்டும்தானா?

— சாமியாருக்கு நான் என்ன சொல்ல?

— திரைக்குச் சொல்லியாச்சு, திரையோட போட்டாத்தான் கோயிலுக்கு மரியாதைன்னு சொல்லும். சொல்லியாச்சுங்கிறது நெசந்தானே?

— அவரு ஒருநாள் வாடிக்கு வந்து வலையைத் தூக்கிப் பாத்துட்டாருன்னா?

— அங்கன இருந்தாத்தானே? போன வாரம் நானே வலையைத் தூக்கிப் பாத்தேன், காணோம். வீடு பூராத் தேடினா, பரண்ல, மூலையில, யாரு கண்ணுக்கும் படாம கிடக்கு. மேல மிக்கேலோட அம்மா சீலை. ஒத்திகை முடிஞ்சு வந்ததும் அந்தச் சீலையைத்தான் மடிச்சு, திரை மேல போட்டு மூடி வைக்கிறான்... நான் அவன்கிட்டக் கேக்கலை. நீரும் கேட்டுத் தொலைக்காதேயும்.